ஐகான் இருக்கிறது, சர்வர் தரமாட்டேன் என்கிறது

"ஏம்மா, எல்லாரோட வெப்சைட்டுக்கும் மேல டேப்ல குட்டியா ஒரு படம் வருதே, நம்மளோடதுக்கு மட்டும் ஏன் பூமி உருண்டை வருது?"

கேட்டவர் மாமா. உறவு ஒன்றும் இல்லை. முனிர்கா டிடிஏ ஃபிளாட்டில் எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளி இருப்பவர், மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லித் தமிழர்கள் நடுவில் வயதில் பெரியவர் எல்லாரும் மாமா, மாமிதான். இந்தப் பக்கம் தமிழுக்குக் குறைவில்லை. அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டினால் ஆர்.கே.புரம். அங்கே டெல்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, மலை மந்திரும் இருக்கிறது. எங்கள் முதுகுப் பக்கம் ஜேஎன்யூ. இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு சின்ன வாசகர் குழு நடத்துகிறார்கள். வேலை எளிது: யாரிடம் எந்தத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல். அதற்கு ஒரு வெப்சைட். அந்த வெப்சைட்டின் ஐகான்தான் வரவில்லை.

இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. கோயில் கமிட்டி, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் மன்றம், சின்னப் பத்திரிகை என்று நம்மவர்கள் நடத்தும் தளங்கள் பலவற்றை நான் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அந்தச் சாம்பல் நிற உருண்டையோடுதான் நிற்கின்றன. உள்ளே இருக்கும் உழைப்பு பெரியது. வெளியே அடையாளம் இல்லை. கம்ப்யூட்டரில் இருபது டேப் திறந்து வைத்திருப்பவருக்குத் தளத்தின் பெயர் தெரிவதே இல்லை. டேப் குறுகிக் குறுகிக் கடைசியில் ஐகான் மட்டும்தான் மிஞ்சும். கூகுளும் 2019 மே மாதத்திலிருந்து மொபைல் தேடலில் தளத்தின் பெயரோடு அதன் ஐகானைச் சேர்த்துக் காட்டத் தொடங்கிவிட்டது. அங்கேயும் உருண்டை என்றால், இது கைவிடப்பட்ட தளம் என்று ஆள் நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எழுபது வயதில் ஒருவர் உட்கார்ந்து புத்தகப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறார். அவர் தளத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை.

முதலில் இந்தச் சங்கதி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல்தான் இது முதலில் வந்தது. அந்தக் குழுவில் இருந்த பரத் ஷா என்ற பொறியாளரின் வேலை. அந்த பிரவுசரில் புக்மார்க்குக்கு ஃபேவரிட்ஸ் என்று பெயர். அதற்கான ஐகான் என்பதால் ஃபேவிகான். ஒருவர் ஒரு பக்கத்தை ஃபேவரிட்ஸில் சேர்த்தால், பிரவுசர் அந்தத் தளத்தின் வேர் ஃபோல்டரில் ஃபேவிகான்.ஐகோ என்ற ஃபைல் இருக்கிறதா என்று தானாகவே போய்க் கேட்கும். தளக்காரர் யாரிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் எந்த வரியும் எழுதவில்லை. அன்றைக்கு சர்வர் லாக் பார்த்தவர்கள், இல்லாத ஒரு ஃபைலை யார் இப்படிக் கேட்கிறார்கள் என்று குழம்பினார்கள். கொஞ்ச நாளில் அதையே ஒரு கணக்காகவும் வைத்துக்கொண்டார்கள்: எத்தனை முறை இந்த ஃபைல் கேட்கப்படுகிறதோ, ஏறக்குறைய அத்தனை பேர் புக்மார்க் செய்திருக்கிறார்கள். பிறகு மற்ற பிரவுசர்களும் எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்துக்கும் காட்டத் தொடங்கியதும் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

ஆக, பிரவுசர் ஐகானைத் தேட இரண்டு வழி. பக்கத்தின் தலைப்பகுதியில் 'ஐகான் இங்கே இருக்கிறது' என்று ஒரு லிங்க் வரி இருந்தால் அங்கே போகும். இல்லையென்றால் பழைய வழக்கப்படி வேர் ஃபோல்டரில் கேட்டுப் பார்க்கும். இரண்டிலும் கிடைக்காவிட்டால் உருண்டை.

மாமாவின் தளத்தில் லிங்க் வரி இருந்தது. ஃபைலும் இருந்தது. அதுதான் இந்தக் கதையில் ருசியான இடம்.

இப்படி ஒரு புகார் வந்தால் பெரும்பாலானவர்கள் டேப்பையே பார்த்துக்கொண்டு ரீஃபிரெஷ் அழுத்துகிறார்கள். டேப்பை நம்பவே கூடாது என்பது என் கட்சி. பிரவுசர் ஐகான்களைத் தனியாக ஒரு கிடங்கில் போட்டு வைத்திருக்கும். பக்கத்தின் கேஷை அழித்தாலும் அந்தக் கிடங்கு பல சமயம் அப்படியே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் அதற்கென்றே தனி டேட்டாபேஸ் ஃபைல் உண்டு, குரோமிலும் உண்டு. நேற்று 'இல்லை' என்று வந்த பதிலை அது இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கலாம். எனவே சர்வரிடம் நேராகக் கேட்க வேண்டும். ஐகானின் முழு முகவரியை முகவரிப் பட்டையில் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. டெர்மினல் பழக்கம் இருந்தால் கர்ல் கட்டளையில் தலைப்பு வரிகளை மட்டும் வரவழைப்பது அதைவிட நல்ல வழி, ஏனென்றால் நடுவில் பிரவுசரின் ஞாபகம் புகுவதில்லை. வரும் பதிலில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: நிலை எண் என்ன, உள்ளடக்க வகை என்ன, எத்தனை பைட்.

மாமாவின் ஐகானுக்கு வந்தது 404, அதாவது அப்படி ஒரு ஃபைல் இல்லை.

தளம் ஒரு சின்ன வாடகை சர்வரில் இருக்கிறது. டெபியன் லினக்ஸ், அதன்மேல் அப்பாச்சி. ஐகான் இருந்த ஃபோல்டரின் பெயர் 'ஐகான்ஸ்', ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்து. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. அனுமதி 644, அதாவது சொந்தக்காரர் எழுதலாம், மற்ற எல்லாரும் படிக்கலாம். வழியில் உள்ள ஃபோல்டர்கள் 755. ஃபைல் உண்மையிலேயே பிஎன்ஜி படம்தானா என்று 'ஃபைல்' கட்டளையில் கேட்டால் ஆமாம் என்கிறது. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கல் இல்லை. எல்லாம் சரி, ஆனால் சர்வர் இல்லை என்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. அதே ஃபைலை, அதே பெயரில், பக்கத்தில் இருந்த 'படங்கள்' ஃபோல்டருக்குப் பிரதி எடுத்தேன். கேட்டேன். 200. வகை பிஎன்ஜி. பைட் கணக்கும் சரி. அப்படியென்றால் ஃபைலில் குற்றமில்லை, ஃபோல்டரில்தான் ஏதோ இருக்கிறது. ஃபோல்டரின் பெயரை ஒரு எழுத்து மாற்றினேன். உடனே வந்தது. பழைய பெயருக்குத் திருப்பினால் மறுபடி 404. பெயர்தான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டது.

இனி லாக். அப்பாச்சியின் 2.4 பதிப்பில் எரர் லாக்கைத் திறந்தால் இந்த 404 பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பழைய 2.2-ல் 'ஃபைல் இல்லை' என்ற செய்தி பிழை என்ற தரத்தில் பதிவாகும். 2.4-ல் அதை வெறும் தகவல் என்ற தரத்துக்கு இறக்கிவிட்டார்கள், லாக்கின் இயல்பு நிலையோ அதற்கு மேலே நிற்கிறது. அதனால் லாக் லெவலைக் கொஞ்ச நேரத்துக்கு 'இன்ஃபோ' என்று இறக்கி, அப்பாச்சியை ரீலோட் செய்து, ஐகானை மறுபடி கேட்டேன். ஒரு வரி விழுந்தது. ஃபைல் இல்லை என்பதோடு, எங்கே தேடினேன் என்று முழுப் பாதையையும் எழுதியிருந்தது. தேடிய இடம் மாமாவின் தளம் இருக்கும் ஃபோல்டரே இல்லை. யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்பாச்சி2, அதற்குள் ஐகான்ஸ். அது அப்பாச்சியின் சொந்த வீடு.

அப்பாச்சியின் அமைப்பு ஃபைல்களில் 'ஐகான்ஸ்' என்று தேடினால் அலையஸ்.கான்ஃப் என்ற ஃபைலில் அகப்படும். டெபியனிலும் உபுண்டுவிலும் அப்பாச்சியை நிறுவும்போதே வரும் வரி அது. ஐகான்ஸ் என்று தொடங்கும் எந்த முகவரியைக் கேட்டாலும், தளத்தின் ஃபோல்டரைப் பார்க்காதே, இந்த இடத்துக்குப் போ என்று சொல்கிறது. முனிர்காவில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே வீட்டு எண் முனிர்கா கிராமத்துச் சந்திலும் இருக்கும், டிடிஏ ஃபிளாட்டிலும் இருக்கும். பார்சல்காரர் கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். இங்கே நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. உங்கள் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஐகான்ஸ் போட்டு, அதற்குப் பின்னால் ஃபோல்டர்.ஜிஃப் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நீங்கள் ஒருநாளும் ஏற்றாத ஒரு படம், பழைய காலத்து ஃபோல்டர் ஒன்று, குட்டியாக வந்து நிற்கும். வந்தால் இந்த அலையஸ் உங்கள் சர்வரில் உயிரோடு இருக்கிறது.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஒரு ஃபோல்டரில் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் அப்பாச்சி உள்ளிருக்கும் ஃபைல்களைப் பட்டியலாகக் காட்டுமே, அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வரும் படங்கள் இவை. முதலில் எக்ஸ் விண்டோவில் ஓடிய மொசைக் பிரவுசருக்காகக் கெவின் ஹியூஸ் என்பவர் வரைந்தவை. மொசைக் 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் பிறந்தது. அதே மையத்தின் வெப் சர்வரோடு இந்தப் படங்கள் சேர்ந்தன. அந்த சர்வரில் ஒட்டுப்போட்டுத்தான் 1995-ல் அப்பாச்சி உருவானது என்பதால் படங்களும் கூடவே வந்துவிட்டன. பொதுச் சொத்தாக விடப்பட்டவை என்று அந்த ஃபோல்டரில் இருக்கும் விளக்கக் குறிப்பே சொல்கிறது. இன்றைக்கு முனிர்காவில் ஒரு புத்தகப் பட்டியலின் ஐகான் வராமல் போனதற்குக் காரணம், இந்தப் படங்களுக்காக ஒதுக்கி வைத்த ஒரு பெயர்.

ரெட்ஹேட் வகை லினக்ஸில் இதே வரி ஆட்டோஇண்டெக்ஸ்.கான்ஃப் என்ற ஃபைலில் இருக்கும். விண்டோஸில் எக்ஸாம்ப் வைத்துச் செய்பவர்களுக்கும் வேறொரு பெயருள்ள ஃபைலில் இது உண்டு. அப்பாச்சியை மூல நிரலில் இருந்து தாமே கட்டி நிறுவுபவர்களுக்கு இந்த வரி இயல்பாகச் செயல்படாத நிலையில் இருக்கும். என்ஜின்எக்ஸில் இப்படி ஒரு வரியே கிடையாது. 'என் மெஷின்ல வருதே, சர்வர்ல மட்டும் வரலையே' என்று பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான்.

தீர்வு என்ன? அந்த அலையஸ் வரியை முடக்கலாம். உங்கள் விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் அதே பெயருக்கு உங்கள் ஃபோல்டரைக் காட்டிச் சொந்தமாக ஒரு அலையஸ் எழுதலாம், அது முந்திக்கொள்ளும். ஆனால் நான் மாமாவுக்குச் செய்தது இரண்டும் இல்லை. ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டேன், பக்கத்தில் உள்ள லிங்க் வரியையும் மாற்றினேன், அவ்வளவுதான். நாளைக்கு இந்தத் தளம் வேறு சர்வருக்குப் போகும். யாரோ ஒரு மாணவர் வந்து பொறுப்பெடுப்பார். சர்வரின் அமைப்பில் நான் ஒளித்து வைத்த ஒரு திருத்தம் அவர் கண்ணில் படாது. ஃபோல்டர் பெயர் படும். பகிர்ந்து வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு எப்படியும் இதுதான் வழி. எச்டிஅக்சஸ் ஃபைலில் எதை எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் சர்வர் உங்கள் ஃபோல்டர் பக்கமே வருவதில்லை. அங்கே இருக்கும் எச்டிஅக்சஸை அது படிப்பதும் இல்லை.

டேப்பில் ஐகான் வந்துவிட்டது. மாமா அடுத்த நாளே போன் செய்தார். "கம்ப்யூட்டர்ல வந்துடுத்து. மாமியோட போன்ல ஹோம் ஸ்கிரீன்ல வெச்சா மட்டும் வெறும் எழுத்துதான் வரது."

இது வேறு கதை, நம் மொழிக்கே உரிய கதை.

போனின் முகப்பில் வைக்கும் ஐகான் தனி ஃபைல். ஆப்பிள் போன்களுக்கு அதற்கென்று வேறு ஒரு லிங்க் வரி, 180-க்கு 180 அளவில் ஒரு பிஎன்ஜி. அந்தப் படத்தை ஜேஎன்யூவில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வரைந்து கொடுத்திருந்தாள். ஃபைலுக்குத் தமிழிலேயே 'லோகோ' என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கு அது பிடித்தது. பக்கத்தில் லிங்க் வரியில் மாமா அதே பெயரைத் தமிழ்99 விசைப்பலகையில் அடித்திருந்தார். சர்வரில் பட்டியல் எடுத்தால் 'லோகோ' என்று ஃபைல் நிற்கிறது. பக்கத்தில் 'லோகோ' என்று கேட்கிறது. பதில் 404.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு துளி வித்தியாசம் தெரியாது. பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெயர் 12 பைட். ஃபைலின் பெயர் 18 பைட்.

யூனிகோடில் 'லோ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். லகரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். அல்லது ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே விழும், இரண்டும் சமம் என்று யூனிகோடே அறிவித்தும் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். முதல் முறையில் 'லோகோ'வுக்கு நான்கு குறியீடு, இரண்டாவது முறையில் ஆறு. லினக்ஸ் ஃபைல் அமைப்புக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். 12-ம் 18-ம் அதற்கு வேறு வேறு ஃபைல்.

பிரித்து எழுதியது அந்தப் பெண் இல்லை. அவளுடைய பழைய மேக். 2017-ல் ஏபிஎஃப்எஸ் வரும் வரை மேக் கணினிகளில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் அமைப்பு, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் கூட்டெழுத்துகளைப் பிரித்தே சேமிக்கும். அந்தக் கணினிக்குள் எப்படிக் கேட்டாலும் கிடைத்துவிடும், அதனால் யாருக்கும் தெரியாது. ஜிப் ஆக்கி லினக்ஸ் சர்வரில் விரித்தால்தான் வெளியே வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எந்த எழுத்துக்கும் இது நடக்கும். 'கோயில்', 'பொங்கல்', 'தொகுப்பு' என்று நாம் வைக்கும் பெயர்களில் இந்த உயிர்க்குறிகள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 'படம்' என்று பெயர் வைத்திருந்தால் ஒரு சிக்கலும் வந்திருக்காது.

இதைவிடப் பொல்லாதது ஸ்ரீ. கோயில் தளங்கள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கூட்டெழுத்தை ஸகரத்தை வைத்தும் உண்டாக்கலாம், 2005-ல் யூனிகோட் 4.1-ல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் உண்டாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஓகார விஷயத்திலாவது இரண்டும் சமம் என்ற விதி இருப்பதால் மென்பொருள் சரிசெய்துவிட முடியும். இங்கே அந்த விதியும் கிடையாது. எந்தக் கருவியும் இரண்டையும் ஒன்றாக்காது.

தமிழில் ஃபைல் பெயரே வைக்காதீர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கங்களின் முகவரி தமிழில் இருப்பது படிப்பவருக்கு நல்லது, தமிழில் தேடுபவருக்கும் நல்லது. சர்வரில் ஏற்றும்போது பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவே. லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி ஒரு ஃபோல்டர் முழுவதையும் கூட்டு வடிவத்துக்கு மாற்றித் தரும். மாமாவின் தளத்தில் அதைத்தான் ஓட்டினேன். லோகோவோடு சேர்த்து, இதுவரை யாரும் கவனிக்காத சில புத்தக அட்டைப் படங்களும் பிழைத்தன. ஐகானுக்கு மட்டும் நான் வளைந்து கொடுப்பேன்: வேர் ஃபோல்டரில் பிரவுசர்களும் போன்களும் தாமாகத் தேடும் பெயர்கள் நிலையானவை, அவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் வைத்துவிடுவதே மேல்.

நான் பார்த்த மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிப் போகிறேன். விண்டோஸ் கணினி ஃபைலின் வால் பெயரை மறைத்துவிடுவதால் 'ஃபேவிகான்.ஐகோ.பிஎன்ஜி' என்று இரட்டை வாலோடு ஏறியிருக்கும். முதல் எழுத்து பெரியதாக இருந்தால் விண்டோஸில் வரும், லினக்ஸில் வராது. வீட்டு ஃபோல்டரில் இருந்து ஃபைலை நகர்த்தினால் ரெட்ஹேட் வகைகளில் எஸ்ஈலினக்ஸின் பழைய முத்திரை கூடவே வந்து 403 வரும். ரெஸ்டோர்கான் கட்டளை அதைச் சரிசெய்யும். பக்கத்துக்குப் பாதுகாப்புக் கொள்கைத் தலைப்பு எழுதியிருந்தால், படங்களுக்கான விதி ஐகானையும் கட்டுப்படுத்தும். வேர்ட்பிரஸ் தளத்தில் உங்கள் ஐகானுக்குப் பதில் டபிள்யூ எழுத்து வந்தால் பதற வேண்டாம். 2020-ல் வந்த 5.4 பதிப்பிலிருந்து, ஐகான் அமைக்காத தளங்களில் அது தன் சின்னத்தை அனுப்பிவிடுகிறது. அமைப்புகளில் தள ஐகான் என்ற இடத்தில் 512-க்கு 512 படம் ஒன்றை ஏற்றினால் மாறிவிடும்.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிலை எண் 200 வரும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். இப்போது பலர் ஒரே பக்கத்தில் ஓடும் செயலிகளாகத் தளம் செய்கிறார்கள். எந்த முகவரியைக் கேட்டாலும், அந்த ஃபைல் இல்லாவிட்டால் முகப்புப் பக்கத்தைக் கொடு என்று சர்வரில் விதி எழுதியிருப்பார்கள். ஐகான் அந்த இடத்தில் இல்லை என்றால் சர்வர் முகப்புப் பக்கத்தை எடுத்து, ஐகான் என்ற பெயரில், 200 என்று சொல்லி அனுப்பும். பிரவுசர் படத்தை எதிர்பார்த்துத் திறந்தால் எச்டிஎம்எல். அதனால்தான் நிலை எண்ணோடு உள்ளடக்க வகையையும் பார்க்கச் சொன்னேன். பிஎன்ஜி படம் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வருகிறது என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சர்வர் சரியானதும் படத்தின் பக்கம் வந்தோம். குழுவின் சின்னத்தில் குத்துவிளக்கு, விரித்த புத்தகம், சுற்றிலும் பெயர் எல்லாம் இருந்தன. டேப்பில் அது விழும் இடம் 16-க்கு 16. மொத்தம் 256 கட்டம். விளக்கும் புத்தகமும் சேர்ந்து ஒரு பழுப்புக் கறையாகத் தெரிந்தன. ஒரே ஒரு எழுத்து போதும் என்று பேசி முடித்தோம். மாமாவுக்கு ழகரம்தான் வேண்டும்.

ழகரம் அந்த அளவில் கடினம். ட, ப போன்ற எழுத்துகள் நேர்கோடு. கட்டத்தில் அழகாக உட்காரும். ழகரத்துக்கு வலப்பக்கம் வளைவு, கீழே சுழித்து இறங்கும் வால். கோடு இரண்டு கட்டம் தடிமன் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு கட்டமாவது வெள்ளை விட்டால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும். பெரிய படத்தைக் கணினியே சுருக்கினால் அந்த வெள்ளைக் கட்டம் சாம்பலாகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் 16 கட்டத்துக்கு மட்டும் தனியாக, கட்டம் கட்டமாக வரைந்தாள். வாலைக் குட்டையாக்கினாள், மேல் பாகத்தை ஒரு கட்டம் உயர்த்தினாள், பின்னணியை அடர் சிவப்பாக்கி எழுத்தை வெள்ளையாக விட்டாள். இங்கேதான் பழைய ஐகோ வடிவம் இன்னும் கைகொடுக்கிறது: ஒரே ஃபைலுக்குள் 16, 32, 48 என்று பல படங்களை வைக்கலாம், அவை ஒன்றின் சுருக்கமாக இருக்க வேண்டியதில்லை. 32-ல் வால் முழுதாக வந்தது. 48-ல் ஓரத்தில் புத்தகத்தின் கோடு ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். எஸ்விஜி ஐகானை ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் சின்ன அளவுக்கு இப்படிக் கையால் தனியே வரையும் வசதி அதில் இல்லை. தமிழ் எழுத்தை ஐகானாக வைப்பவர்களுக்கு நான் ஐகோவைத்தான் சொல்வேன்.

புதிய ஃபைலை ஏற்றிய பிறகும் பழையதே தெரிபவர்களுக்காக லிங்க் வரியில் ஃபைல் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேர்த்தோம். பிரவுசருக்கு அது புது முகவரி, கிடங்கைப் பார்க்காமல் புதிதாக வந்து கேட்கும்.

மிச்சம் இருப்பது கூகுள். தேடல் முடிவில் இன்னும் உருண்டைதான் நிற்கிறது. கூகுள் கேட்பது ஒரு சதுர ஐகான், அது நம்மிடம் இருக்கிறது. தளத்தின் ரோபோட்ஸ் ஃபைலில் படங்களைத் தேடுபொறிகளுக்கு மூடி ஒரு வரி இருந்தது. முகப்புப் பக்கத்தையும் ஐகானையும் கூகுள் எடுக்க முடிய வேண்டும் என்பதால் அதை நீக்கினோம். சர்ச் கன்சோலில் முகப்பை மறுபடி வந்து பார்க்கும்படி விண்ணப்பமும் போட்டாயிற்று. அது வந்து எடுத்துக்கொள்ளச் சில நாள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மாமா தினமும் காலையில் தேடிப் பார்க்கிறார்.